வேண்டிக்கொண்டது நான், நடக்க வேண்டியது நீ

திருவண்ணாமலை,
10.8.1998

அனுப்புநர்: அ. மாறன், பிளஸ் ஒன், கடைசி பெஞ்ச்.
பெறுநர்: செல்வி அ. தென்றல், பி.ஏ. இரண்டாம் ஆண்டு, பெண்கள் விளையாட்டு விடுதி, சென்னை.
பொருள்: சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு ஓடியது சம்பந்தமாக.

அக்கா,

எங்கள் தமிழ் ஐயா கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். இதற்குமேல் மரியாதை வேண்டுமென்றால் நீ சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். நேற்று நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் உன் பை இல்லை, செருப்பு இல்லை, நீயும் இல்லை. அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "முதல் பஸ்ஸுக்குப் போயிட்டா. உன்ன எழுப்ப வேணாம்னா" என்றாள். ஓடுகாலி என்று திட்டினால் மெடலோடு திரும்பி வருகிற ஒரே பெண் நீதான். அதனால் திட்டவும் வழியில்லை.

போன மாதம் கல்லூரிகளுக்கிடையிலான மீட்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் நீ விழுந்தது எங்களுக்குத் தெரியும். உன் மாஸ்டர் அப்பாதுரை சார் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னார். உள் ஓரத்தில் உன்னை நெருக்கிக்கொண்டு ஓடினார்களாம், பின்னால் வந்தவள் கால் உன் குதிகாலில் பட்டதாம், இரண்டு முட்டியும் தேய்ந்ததாம். அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் உன்னை ஊருக்கு வரச் சொன்னோம். நீ வந்தாய். பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் தட்டில் இருந்த வடையை நான் திருடியபோதுகூட நீ திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு பயம் வந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ராஜகோபுரத்துக்கு எதிரில் நின்று, "அண்ணாமலையாரே, எங்க அக்கா முட்டி ஆறிடணும். ஆறிட்டா அவ செருப்பு இல்லாம மலை சுத்துவா" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டது நான், நடக்க வேண்டியது நீ. நம் ஊர் வழக்கம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வேண்டிக்கொள்வாள், மொட்டை பிள்ளைக்கு. எந்தப் பிள்ளையையாவது கேட்டுக்கொண்டா வேண்டுகிறார்கள்?

புண் என்றால் ஆறத்தான் செய்யும் என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். நடக்கிற காரியமாகப் பார்த்து வேண்டிக்கொள்வது என் தொழில் ரகசியம்.

அப்பா சௌக்கியம். "சாமி இல்ல, மலை இருக்கு, நடந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார். கடையில் வாடகை சைக்கிள் எல்லாம் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கடைக்கு எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நம் 'வாடகைக்கு' பலகையை அவர் முன்னால் வைத்தேன். கண் திறந்ததும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

உன் போட்டோ வந்த பத்திரிகைத் துண்டைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் எல்லோரும் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் டயரைப் பார்க்க முடியும்.

பி.கு.: நான் முடி வளர்க்கிறேன். நெற்றியில் விழுகிறது. நேற்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் கணக்கு டீச்சர், அது வேறு காரணம்.

மாறன்

—

சென்னை,
20.8.1998

மாறா,

யாரைக் கேட்டு வேண்டிக்கொண்டாய்? உனக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு விளையாட்டு மட்டும் விளையாட்டாக இல்லை.

முட்டி ஆறிவிட்டது. சங்கடம் முட்டியில் இல்லை. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வதற்குக் காரணம், நீ வெளியே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும். அதற்கப்புறம்தான் துப்பாக்கி. இப்போது விசில் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. மூச்சு உள்ளே போகிறது, பாதியில் நிற்கிறது. கை சில்லிட்டுப் போகிறது. பக்கத்தில் யாராவது முழங்கை உரசினால் அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் போல் இருக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. விழுந்த வளைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மாஸ்டரிடம் கால் வலி என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் பல்கலைக்கழக மீட். அதில் ஓடவில்லையென்றால் விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த இந்த விடுதி இடம் போய்விடும். இடம் போனால் படிப்பும் இங்கே இல்லை, ஊருக்கு வர வேண்டியதுதான். வந்துவிடலாம் என்றும் தோன்றுகிறது. எனக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும்.

என் அறையில் ருக்ஸார் என்று ஒருத்தி இருக்கிறாள். ஆம்பூர்க்காரி. குண்டு எறிகிறவள். ஐந்து வேளை தொழுகிறாள். தொழும்போது வார்டன் வந்து நின்றாலும் திரும்புவதில்லை. யாரும் தொட முடியாத இடம் அவளுக்கு ஒரு நாளில் ஐந்து முறை கிடைக்கிறது. எனக்கு ஒன்றுகூட இல்லை. தெருமுனைப் பிள்ளையாரிடம் போய் நின்று பார்த்தேன். 'ஜெயிக்க வை' என்றுதான் வாயில் வந்தது. ஓடவே முடியாதவள் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே.

தென்றல்

—

திருவண்ணாமலை,
26.8.1998

அக்கா,

தென்றலுக்கே மூச்சு முட்டினால் மற்றவர்கள் கதி என்ன என்று ஒரு வரி எழுதி, இதில் தமாஷ் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். அடித்ததை இப்போது சொல்லிவிட்டேன். என்ன செய்வது, கை பழகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. வேண்டுதலை மட்டும் சொன்னேன். "வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான். லீவுக்கு வரட்டும், கூட நானும் வர்றேன்" என்றாள். இதிலிருந்து நீ தப்ப முடியாது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பயமாக இருந்தது. இரண்டாவது முறை, இதையெல்லாம் வைத்துக்கொண்டு தினமும் மைதானத்துக்குப் போய் நிற்கிறாளே என்று இருந்தது. நான் கணக்குப் பரீட்சைக்கு வயிற்று வலி என்று படுத்தவன். எனக்குத் தெரியும், போகாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று.

ஞாபகம் இருக்கிறதா, அம்மா பையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியது? நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைத் துரத்தினாய். ரயில்வே கேட் அருகே பிடித்தாய். கண்டக்டர் பையைக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, நீ எதுக்கு பஸ்ல ஏறுன? ஓடியே போயிருக்கலாமே" என்றார். அன்றைக்கு உனக்கு யாரும் விசில் ஊதவில்லை, மெடலும் கொடுக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். நான் என் வகுப்பில் இந்தக் கதையை ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன். என் கதையில் இப்போது அந்த பஸ் எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டது.

ஒரே ஒரு விஷயம். என் வகுப்பு முபின் சைக்கிளில் விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது மாவுக்கட்டு போட்டார்கள். 'தைரியமா இரு, சரியாயிடும்' என்று சொல்லி யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கைக்கு டாக்டர் இருந்தால் இதற்கும் ஒரு டாக்டர் இருப்பார். போய்ப் பார்.

நீ போக மாட்டாய் என்று தெரியும். அதனால் கீழே இருப்பது உனக்கு இல்லை.

ருக்ஸார் அக்காவுக்கு: வணக்கம், சலாம். நீங்கள் இரும்புக் குண்டைத் தூக்கி எறிகிறவர் என்று கேள்வி. எங்கள் அக்கா அதைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. தூக்கி ஒரு நல்ல டாக்டர் வாசலில் போடவும். எறிய வேண்டாம்.

மாறன்

—

சென்னை,
14.9.1998

மாறா,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை ருக்ஸாரிடம் காட்டக்கூடாது என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் தலையணை உறை துவைக்க எடுத்தாள். முழுவதும் படித்தாள். துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, "எழுந்திரு. உன் தம்பி அட்ரஸ் எழுதாத பார்சல் அனுப்பியிருக்கான். நான் கொண்டுபோய் சேக்கணும்" என்றாள். நான் வரவில்லை என்றேன். என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியிலிருந்து யாரும் வெளியே வர முடியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. மனநலப் பிரிவு என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே போகும்போது முகத்தை மறைத்துக்கொண்டேன். வரும்போது மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டார். "இது பதற்றம். ஓடறவங்களுக்கும் வரும், ஓடாதவங்களுக்கும் வரும். சுளுக்கை எப்படி விடமாட்டீங்களோ அப்படி இதையும் விடக்கூடாது" என்றார். மூச்சை மெதுவாக வெளியே விடுவதற்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். முதலில் வெளியே விட வேண்டுமாம், உள்ளே வருவது தானாக வருமாம். தூங்கும் நேரத்தை மாற்றச் சொன்னார். அப்புறம், "ஜெயிக்கறதுக்காக இல்லாம ஒரு நாளைக்கு என்னம்மா பண்ற?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். சாப்பாடுகூட அதற்காகத்தான் சாப்பிடுகிறேன்.

"சாமி கும்பிடுவியா?"

"கும்பிடுவேன் மேடம். ஆனா கேக்க மட்டும்தான் தெரியும்."

"கேக்காம கொஞ்ச நேரம் நின்னு பாரு" என்றார். மருந்துச் சீட்டில் இதை எழுதவில்லை.

இப்போது விடியற்காலையில் ருக்ஸார் அவள் விரிப்பை விரிக்கும்போது நானும் எழுந்து என் கட்டிலில் உட்கார்கிறேன். அவள் அவளுடையதைச் சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்து மூச்சை விடுகிறேன். பாதி நாள் பசிதான் ஞாபகம் வருகிறது.

மாஸ்டரிடம் கால் வலி பொய் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஸ்டாப் வாட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்டோபர் கடைசி வரைக்கும் பேர் குடுக்கலாம். அதுவரைக்கும் நான் உன்ன கேக்க மாட்டேன்" என்றார். இன்னும் விசில் சத்தம் கேட்டால் முடியவில்லை. எனக்காகக் கை தட்டித்தான் கூப்பிடுகிறார். மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

ஆயுத பூஜை லீவுக்கு வருகிறேன். வேண்டுதல் விஷயத்தைப் பேசாதே.

தென்றல்

—

திருவண்ணாமலை,
5.10.1998

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இல்லை.

நீ நேற்று பஸ் ஏறும்போதும் என்னிடம் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த விசில் எங்கள் பி.டி. சாருடையது. அவர் மேஜையிலிருந்து எடுத்தேன். நான் நினைத்தது இதுதான். விசில் கேட்டால் உனக்கு விழுந்தது ஞாபகம் வருகிறது. விசிலோடு தோசை வந்தால், கொஞ்ச நாளில் விசில் கேட்கும்போது தோசை ஞாபகம் வரும். இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் தோசைக்கு ஊதினேன், உன் கை அப்படியே நின்றது. நீ சமாளித்துக்கொண்டாய் என்று நினைத்தேன். இரண்டாவதுக்கும் ஊதினேன்.

தட்டு விழுந்ததும் நீ செருப்புகூடப் போடாமல் செங்கம் ரோட்டில் இறங்கிப் போனாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாவுக் கையோடு உன் பின்னால் வந்தாள். நான் வாசலில் நின்றேன். மதியம் இரண்டு பேரும் வேறு பக்கத்திலிருந்து வந்தீர்கள். அதாவது மலையைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். கால் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நான் உன்னை ஓட வைக்க ஊதவில்லை. சாப்பிட வைக்க ஊதினேன்.

மாறன்

—

சென்னை,
15.10.1998

மாறா,

உன்மேல் கோபம் இருக்கிறது. இந்தக் கடிதம் முடிவதற்குள் போய்விடலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் வேண்டுதலுக்காகக் கிளம்பவில்லை. உன்னையும் உன் விசிலையும் விட்டுத் தூரமாகப் போகக் கிளம்பினேன். கால் மேற்கே போயிற்று, அவ்வளவுதான். போட்டியில் நடக்கிற மாதிரி வேகமாக நடந்தேன். பின்னாலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "மெதுவாடி. இது ஓடற ரோடு இல்ல."

நான் நிற்கவில்லை. அம்மா ஓடி வந்து என் முந்தானையை, அதாவது தாவணியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "மலை சுத்தறதுன்னா நிறைமாசக்காரி மாதிரி நடக்கணும். அதான் முறை" என்றாள்.

"நான் மலை சுத்தல."

"சுத்திக்கினுதான் இருக்க. வலது கைப் பக்கம் பாரு."

பார்த்தேன். மலைதான் இருந்தது.

அம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் இடது பக்கமாக வந்து, என்னையும் ரோட்டின் இடது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "உள்ள போகாத. மலைப் பக்கம் அவங்க வர்ற வழி."

"யாரு?"

"சித்தருங்க. நம்ம கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. நாம வெளி ஓரமாதான் போகணும்."

இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. மைதானத்தில் உள் ஓரம்தான் எல்லோருக்கும் வேண்டும். அதற்காகத்தான் முழங்கையால் இடிக்கிறோம். அங்கேதான் நான் விழுந்தேன். இங்கே எத்தனையோ வருஷமாக, எத்தனையோ பேர் உள் ஓரத்தை யாருக்கோ விட்டுவிட்டு நடக்கிறார்கள். யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

மெதுவாக நடப்பது கஷ்டம். கால் கேட்கவில்லை. அம்மா, "உன்ன வயித்துல வச்சிக்கினு இந்த ரோட்லயே நடந்திருக்கேன். அன்னிக்கும் நீதான் உதைச்சி உதைச்சி சீக்கிரம் போன்னு சொன்ன" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கும்பல் பாடிக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு பெண்ணின் முழங்கை என் கையில் இடித்தது. அவள் திரும்பி, "பாக்கல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கவனித்தேன்.

வெயில் ஏறித் தார் சுட்டது. வாயு லிங்கக் கோயில் வாசலில் அம்மா நின்றாள். "உள்ள வா. இது உனக்குத்தான்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஆகஸ்ட் மாசம் வந்தப்பவே பாத்தேன். தூக்கத்துல மூச்சப் புடிச்சிக்கினு படுத்திருந்த. பெத்தவளுக்குத் தெரியாதா" என்றாள். இத்தனை நாள் உன்னிடம்கூட அதைக் கேட்காமல் இருந்திருக்கிறாள், பார்.

அங்கே நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பது அன்றைக்குத்தான் வந்தது.

மாஸ்டரிடம் டிசம்பருக்குப் பேர் கொடுத்துவிட்டேன். ஒரு நிபந்தனையோடு. உள் ஓரத்துக்குப் போக மாட்டேன், முழுக்க வெளியேதான் ஓடுவேன் என்றேன். "வளைவுக்கு வளைவு ஜாஸ்தி தூரம் ஓடணும், தெரியுமா?" என்றார். தெரியும் சார் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பேரை எழுதிக்கொண்டார்.

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "நல்லது. நீயா கண்டுபிடிச்ச வழி, போய்ப் பாரு" என்றார். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்.

கோபம் பாதி போய்விட்டது. மீதி தட்டில் இருந்த தோசைக்காக.

தென்றல்

—

திருவண்ணாமலை,
24.11.1998

அனுப்புநர்: மன்னிக்கப்பட்ட பாதி மாறன்.
பெறுநர்: வெளி ஓரத்து வேங்கை.
பொருள்: மீதிப் பாதி.

அக்கா,

கார்த்திகை தீபத்துக்குக் கொடி ஏறிவிட்டது. ஊரில் காலை வைக்க இடமில்லை. அப்பா கடையில் சைக்கிள்களை உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் பெஞ்ச் போட்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார். "சாமி இல்லாதவர் எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்டேன். "தாகம் இருக்குல்ல" என்றார்.

உன் ஓட்டம் தீபம் ஏற்றிச் சில நாள் கழித்து. அப்போதும் மலை உச்சியில் தீபக் கொப்பரை எரிந்துகொண்டுதான் இருக்கும். நீ அங்கே சுற்றும்போது இங்கே அது இருக்கும். இந்த முறை நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளலாம் என்று கோபுரத்துக்கு எதிரில் போய் நின்றேன். உன்னை மாதிரி கேட்காமல் நின்று பார்ப்போம் என்று தோன்றியது. நின்றேன். என் செருப்பை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தார் சுட்ட இடம் வந்தபோது, "அவ்ளோ சூடு இல்ல, கம்மிதான்" என்றாள். அவளுக்குக் குதிகாலில் உரிந்த தோல் இப்போதுதான் ஆறியிருக்கிறது. இந்த வீட்டில் பெண்கள் எல்லோரும் ஒரே ரகம்.

அப்புறம் ஒரு முக்கியச் செய்தி. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ராஜா வேடம். நடிப்புக்காக இல்லை, முடிக்காக. பின் கழுத்து வரை வந்துவிட்டது. விக் வாங்குகிற செலவு மிச்சம் என்று தமிழ் ஐயாவே தேர்ந்தெடுத்தார். முபின் பொறாமையில் மந்திரி வேடத்தை மறுத்துவிட்டான். அம்மா தேங்காய் எண்ணெயோடு துரத்துகிறாள். நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை சீவுகிறேன். மூன்று முறை என்று அப்பா சொல்வார், நம்பாதே.

ஓடு அக்கா. விழுந்த பிறகு கோட்டுக்கு வந்து நிற்கிறவளை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. இனிமேல் கடையில் உன் போட்டோவைக் காட்டும்போது பஸ் கதையைச் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார்க்கப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதுதான் பெரிய ஓட்டம். வேண்டாம் என்றால் எழுது, நிறுத்திக்கொள்கிறேன்.

மாறன்

—

சென்னை,
12.12.1998

மாறா,

சொல்லு, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லு. எங்கள் விடுதியிலேயே இரண்டு பேர் என்னிடம் டாக்டரம்மாவின் பேரைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதில் ஒருத்தி என்னை உள் ஓரத்தில் நெருக்கினவள்.

ஓட்டத்தைச் சொல்கிறேன்.

கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்தோம். விசில் ஊதினார்கள். எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. தொண்டை, கை, பாதியில் நிற்கிற மூச்சு. இத்தனை மாதம் செய்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மூச்சை வெளியே விடப் பார்த்தேன், வரவில்லை. கேட்காமல் நிற்கப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. கையைத் தூக்கி, முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கை பாதி தூக்கிவிட்டது.

அப்போது மலை ஞாபகம் வந்தது. கேட்காமல் நிற்க முடியவில்லையென்றால் கேட்டுவிட வேண்டியதுதானே. ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. "அண்ணாமலையாரே, ஒரே ஒரு முழு மூச்சு குடு. குடுத்தா..." என்று ஆரம்பித்தேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். என் கால் எனக்கு வேண்டும். உடனே உன் ஞாபகம் வந்தது. "குடுத்தா, மாறன் தலைமுடி மொத்தமும் உனக்கு."

மொட்டைத் தலையில் கிரீடம் நழுவி மூக்கில் வந்து நிற்கிற ராஜா என் கண்ணுக்கு முன்னால் வந்தான். நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்துத் தள்ளி நின்றாள். சிரிப்பில் மூச்சு முழுக்க வெளியே போய்விட்டது. டாக்டரம்மா சொன்னபடி, உள்ளே வருவது தானாக வந்தது. வயிறு வரைக்கும் வந்தது. துப்பாக்கி சுட்டார்கள்.

எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். நான் விட்டுவிட்டேன். வெளி ஓரத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. முழுக்க அங்கேயே ஓடினேன். கடைசி வளைவில் ஒவ்வொருவராகத் தாண்டினேன்.

நாலாவது. பதக்கம் இல்லை. ஆனால் விடுதி இடம் இருக்கிறது. ருக்ஸாருக்குத் தங்கம், அவளே என்னைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். மாஸ்டர் பக்கத்தில் வந்து, "வெளிய ஓடியே நாலாவதுன்னா, உள்ள ஓடியிருந்தா?" என்றார்.

"உள்ள ஓடியிருந்தா ஓடியே இருக்கமாட்டேன் சார்."

அவர் ஸ்டாப் வாட்சைத் துடைத்தார்.

அன்றைக்குத் தூங்கினேன். ருக்ஸார் தொழ எழுந்தது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போகிறேன். விசில் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, அவரிடம் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். தோசைக்கு விசில் ஊது. நான் சாப்பிட்டுப் பார்க்கிறேன்.

வேண்டிக்கொண்டது நான், மொட்டை உனக்கு. நம் ஊர் வழக்கம்தான்.

தென்றல்

—

திருவண்ணாமலை,
20.12.1998

அக்கா,

இது மொட்டைக் கடிதம். ஆனாலும் கீழே கையெழுத்து இருக்கும்.

உன் கடிதம் வந்தபோது நான் கண்ணாடி முன்னால் இருந்தேன். அம்மா படிக்கச் சொன்னாள். மொட்டை வரி வந்ததும் நிறுத்திவிட்டு, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சிருச்சி" என்றேன். அம்மா கடிதத்தைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை ராகத்தோடு.

"நீங்கதான் சாமி இல்லன்னு சொல்வீங்களே. இது செல்லாதுன்னு சொல்லுங்கப்பா."

"சாமி வேற, வாக்கு வேற. அவ வாக்கு குடுத்துட்டா. கிளம்பு."

அம்மாவிடம் திரும்பினேன். "நான் வேண்டிக்கலம்மா, அவதான்." அம்மா சொன்னது உனக்கே தெரியும். வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான்.

கத்தி வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் விழுந்ததைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அக்கா, அழுகை வரவில்லை. இந்த முடிக்கு நான் எவ்வளவு எண்ணெய் வைத்திருப்பேன், எவ்வளவு சீவியிருப்பேன். அதெல்லாம் சேர்ந்து கடைசியில் உனக்கு ஒரு மூச்சு ஆகியிருக்கிறது. என் வாழ்க்கையில் இதுவரை நான் செய்த எதுவும் இவ்வளவு உபயோகப்பட்டதில்லை. அதையும் நான் செய்யவில்லை, நீதான் செய்தாய்.

ராஜா வேடம் போகவில்லை. கிரீடம் மூக்குக்கு வராமல் இருக்க உள்ளே துணி வைத்திருக்கிறார்கள். முபின் இப்போது மந்திரியாக வரச் சம்மதித்துவிட்டான். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.

மொட்டையோடு நேராக மலை சுற்றப் போனோம். அப்பாவும் வந்தார், உடம்புக்கு நல்லது என்று. தலையில் காற்று பட்டது, சில்லென்று, இதுவரை பட்டதே இல்லாத மாதிரி. நான் வேகமாகப் போனேன். பத்தடி போவதற்குள் அம்மா சட்டையைப் பிடித்தாள். அப்பா பேச்சு மும்முரத்தில் மலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். "அது அவங்க வழிப்பா" என்றேன். "எவங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இடது பக்கம் வந்துவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மலையைப் பார்த்தாள்.

உன் நாலாவது இடத்தைக் கடைச் சுவரில் எழுதியிருக்கிறேன். பத்திரிகையில் போடவில்லை, அதனால் கரியால் நானே எழுதினேன். உன் ஓட்டத்தில் தங்கம் வாங்கினவள் பேர் இங்கே யாருக்கும் தெரியாது. உன் பேர் பஞ்சர் ஒட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு நீ சொன்னபடியே ஆகட்டும். ஆனால் விசில் என்னிடம் இல்லை. அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். "நீ ஊதுனா பயந்துக்குவா. நான்தான் ஊதுவேன்" என்கிறாள். நேற்று கொல்லையில் நின்று ஊதிப் பழகினாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் அவள் மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதியதில், பக்கத்து வீட்டு ராணியம்மாள் பஸ் கிளம்பிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார்.

சீக்கிரம் வா. மாவு அரைக்க நான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வேண்டுதல்,
அ. மாறன்